அச்சாணி கழன்றால்: முதன்மையாளர் காப்பீடும் குன்னம் வட்டாரச் சிறுவணிகமும்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு தொழிலைத் தம் அறிவாலும் உறவாலும் நம்பகத்தாலும் தாங்கி நிற்பவர் இறந்துபட்டால் அத்தொழிலுக்கு நேரும் இழப்பை ஈடுசெய்ய எடுக்கப்படுவது முதன்மையாளர் காப்பீடு. முகவர்கள் இதனைக் ‘கீமேன் பாலிசி’ என்பர். இந்திய வருமான வரிச் சட்டமும் கூட்டாண்மைச் சட்டமும் இக்காப்பீட்டுக்குத் தந்துள்ள வடிவத்தை இக்கட்டுரை விளக்குகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை ஒட்டிய குன்னம் வட்டாரத்தின் மண்டி வணிகத்தை அது எந்த அளவுக்குத் தொடுகிறது என்பதையும் ஆராய்கிறது. ஒருவரையே முழுதும் நம்பி நடக்கும் தனியாள் வணிகத்துக்கு இக்காப்பீடு எட்டாமல் நிற்கிறது என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: முதன்மையாளர் காப்பீடு, காப்பீட்டுக்குரிய நலன், கூட்டாண்மை, தனியாள் வணிகம், அடுத்தாள், குன்னம், மக்காச்சோள வணிகம்.

முன்னுரை

உருவத்தால் சிறியவரை இகழலாகாது என்பதற்குத் திருக்குறளின் வினைத்திட்பம் அதிகாரம் பெருந்தேரின் அச்சாணியை உவமையாக்குகிறது. தேரின் எடையோடு ஒப்பிட ஆணியின் எடை ஒன்றுமில்லை. ஆயினும் ஆணி கழன்றால் தேர் ஓடாது. வணிகவியல் நூல்கள் ‘முதன்மையாளர்’ என்று குறிப்பிடுவது இத்தகைய ஒருவரையே. அவர் முதலாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் போட்டவர் வேறொருவராகவும், சரக்கின் தரம் அறிந்தவர், வாங்குபவரை அறிந்தவர், கணக்கைக் கையில் வைத்திருப்பவர் இன்னொருவராகவும் இருக்கலாம். ‘முதன்மையாளர்’ என்னும் சொல் பதவியின் உயர்வைச் சுட்டுவதாகத் தோன்றுவதால் ‘அச்சாணியர்’ என்பதே பொருத்தமான கலைச்சொல் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். எனினும் வழக்கிற்கு வந்துவிட்ட சொல்லே இங்குக் கையாளப்படுகிறது.

பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. குன்னம் அம்மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்று. அப்பெயர் கொண்ட சட்டமன்றத் தொகுதி அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பகுதியிலும் பரவியுள்ளது. பெரிதும் மானாவாரி நிலம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகிய மூன்றும் இப்பகுதியின் பணப்பயிர்கள். இவற்றை விளைவிப்பவருக்கும் வெளியூர் வாங்குபவருக்கும் இடையில் நிற்பவர் மண்டிக்காரர்.

மண்டிக்காரரின் முதல் எது என்று கேட்டால் கிடங்கும் எடைமேடையும் என்று கணக்கேடு சொல்லும். உண்மையில் அவருடைய முதல் வேறு. மக்காச்சோளத்தை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தே ஈரப்பதத்தை மதிப்பிடும் பழக்கம், நாமக்கல் கோழித்தீவன ஆலைகளில் எந்த ஆலை எந்தக் கிழமையில் பணம் தரும் என்னும் அறிவு, பட்டறை போட்ட வெங்காயத்தை எப்போது பிரிப்பது என்னும் கணிப்பு, விதைப்புக் காலத்தில் எந்த உழவருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தோம் என்னும் நினைவு ஆகியவையே அது. இவற்றுள் எதுவும் ஐந்தொகையில் இடம்பெறுவதில்லை. அவர் இறக்கும் நாளில் இவை அனைத்தும் ஒருசேர மறைகின்றன.

காப்பீட்டுக்கு முன்: அடுத்தாள் முறை

ஒருவரை இழப்பதால் தொழில் நின்றுவிடக் கூடாது என்னும் எண்ணம் தமிழ் வணிகத்துக்குப் புதிதன்று. பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கடைகளில் முதலாளி ஊரில் இருப்பார். கடையை மேலாள் நடத்துவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன் என்று படிநிலை அமைந்திருந்தது. மேலாளின் பணிக்காலம் பெரும்பாலும் 3 ஆண்டுகள். அக்கால அளவும் ஊதியமும் சம்பளச் சீட்டில் எழுதப்பட்டன. தவணை முடிந்ததும் அவர் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்.

இந்த ஏற்பாட்டைப் பயிற்சிமுறை என்றோ நேர்மையைக் காக்கும் தணிக்கை என்றோ கூறுவது வழக்கம். இரண்டும் உண்மையே. அதனினும் ஆழமான ஒரு பயன் இதில் உண்டு. கடல் கடந்த ஊரில் காய்ச்சலால் மேலாள் இறந்தால், தந்தி ஊருக்கு வந்து புதியவர் கப்பலேறும்வரை கடையைத் திறந்து வைக்க அடுத்தாள் இருந்தார். எவர் கடனாளி, எவர் ஈடு எது என்பது அவருக்குத் தெரியும். இழப்பைப் பணத்தால் ஈடுசெய்வது காப்பீடு. இழப்பே நேராதபடி அறிவை இருவரிடம் வைப்பது அடுத்தாள் முறை. இரண்டாவதே மேலானது என்றாலும் அதற்கு ஒரு சம்பளம் கூடுதலாகத் தேவை. குன்னம் போன்ற ஊரில் ஒரு மண்டிக்காரர் அச்சம்பளத்தை வீண்செலவாகக் கருதுவதில் வியப்பில்லை.

1954-இன் விமான விபத்து

அந்த நகரத்தார் மரபிலிருந்தே நவீனத் தொழிலுக்கு வந்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் அவரது தலைமையில் இயங்கியது. சென்னை அண்ணா சாலையில் இன்று எல்.ஐ.சி. கட்டடம் என அறியப்படும் மாடிக்கட்டடம் அந்நிறுவனத்துக்காகவே திட்டமிடப்பட்டது. 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் இறந்தார். கட்டடம் 1959-இல் நிறைவுற்றுத் திறக்கப்பட்டபோது அதை எழுப்ப எண்ணியவரும் இல்லை, அவரது காப்பீட்டு நிறுவனமும் இல்லை. 1956-இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாகி, 245 நிறுவனங்களும் சேமநலச் சங்கங்களும் எல்.ஐ.சி.யில் இணைந்துவிட்டன.

பிறர் உயிருக்குக் காப்பீடு வழங்கிய நிறுவனமே தன் முதன்மையாளரை ஒரே நாளில் இழந்த நிகழ்வு இது. ஆயினும் வங்கி நிற்கவில்லை. 1969-இல் நாட்டுடைமையாகும் வரை தனியார் வங்கியாகவே தொடர்ந்து வளர்ந்தது. பங்குகள், இயக்குநர் குழு, கிளைகள், பணியாளர் என்ற அமைப்பு ஒன்று அங்கே இருந்தது. நிறுவனருக்கும் நிறுவனத்துக்கும் இடையே சட்டம் ஒரு கோடு கிழித்திருந்தது. அக்கோடு உள்ள இடத்தில்தான் முதன்மையாளர் காப்பீடும் பொருள் பெறுகிறது. கோடு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதே குன்னத்தின் சிக்கல்.

காப்பீட்டின் அமைப்பு

வழக்கமான ஆயுள் காப்பீட்டில் காப்புறுபவர் தம் குடும்பத்துக்காகப் பாலிசி எடுக்கிறார். முதன்மையாளர் காப்பீட்டில் முன்மொழிபவர் நிறுவனம், பிரீமியம் செலுத்துபவர் நிறுவனம், இழப்பீட்டைப் பெறுபவரும் நிறுவனமே. காப்புறுபவர் தம் உயிரை மட்டுமே தருகிறார் என்று சற்றுக் கடுமையாகச் சொல்லலாம். அவருடைய ஒப்புதலும் மருத்துவப் பரிசோதனையும் தேவை. ஆனால் அவருடைய மனைவி மக்களுக்கு இப்பாலிசியால் நேரடியாக ஒரு காசும் வராது.

பிறர் உயிரின்மீது பாலிசி எடுக்க ஒருவருக்கு என்ன உரிமை? இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் தொடர்பே இல்லாதவர்களின் உயிர்மீது பாலிசி எடுத்துப் பந்தயம் ஆடுவது பெருகியதால் 1774-இல் அதைத் தடுக்கச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை ஆக்குகிறது. ஆகவே, காப்புறுபவர் உயிரோடிருப்பதில் பாலிசி எடுப்பவருக்குப் பணமதிப்புள்ள நலன் இருத்தல் வேண்டும். ஆயுள் காப்பீட்டில் அந்நலன் பாலிசி தொடங்கும் நாளில் இருந்தால் போதும் என்பது 1854-ஆம் ஆண்டு டால்பி வழக்கிலிருந்து வழிவரும் கொள்கை. முதன்மையாளர் பின்னர் வேலையை விட்டு விலகினும் பாலிசி தானாகச் செயலிழந்துவிடாமைக்கு இதுவே காரணம்.

எவ்வளவு தொகைக்குக் காப்பீடு செய்யலாம்? குடும்பத்தலைவரின் உயிருக்கு அளவுகோல் அவர் வருவாய். இங்கோ நிறுவனத்தின் இழப்பை அளக்க வேண்டும். இந்தியக் காப்பீட்டு நடைமுறையில் மூன்று கணக்குகள் போடப்படுகின்றன. கடந்த மூன்றாண்டுச் சராசரி மொத்த இலாபத்தைப் போல 2 மடங்கு, சராசரி நிகர இலாபத்தைப் போல 5 மடங்கு, முதன்மையாளரின் ஆண்டு ஊதியத்தைப் போல 10 மடங்கு ஆகியவையே அவை. மூன்றில் எது குறைவோ அது உச்சவரம்பாகக் கொள்ளப்படுகிறது.

எடுத்துக்காட்டாக ஒரு மக்காச்சோள மண்டியைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று பங்காளிகள். சராசரி மொத்த இலாபம் ரூ. 18 இலட்சம், நிகர இலாபம் ரூ. 6 இலட்சம், சரக்கு வாங்கும் பங்காளிக்கு ஆண்டு ஊதியம் ரூ. 4.8 இலட்சம். முறையே 36, 30, 48 இலட்சம் வருகின்றன. எனவே காப்பீட்டுத் தொகை ரூ. 30 இலட்சத்தைத் தாண்டாது. கணக்கில் காட்டும் இலாபத்தைக் குறைத்துக் காட்டி வரியை மிச்சப்படுத்தியவர், தம் உயிரின் வணிக மதிப்பையும் அதே அளவுக்குக் குறைத்துக்கொள்கிறார் என்பதை முகவர்கள் வாடிக்கையாளரிடம் எடுத்துரைப்பது நல்லது.

வரிச்சட்டம் வரைந்த வடிவம்

முதன்மையாளர் காப்பீட்டின் இந்திய வரலாறு, உண்மையில் ஒரு வரித்தந்திரத்தின் வரலாறு. முதிர்வுத்தொகை தரும் எண்டோமென்ட் பாலிசியை நிறுவனம் இயக்குநர் உயிர்மீது எடுக்கும். பெரிய பிரீமியம் கட்டி அதைத் தொழிற்செலவாகக் கழித்துக்கொள்ளும். சில ஆண்டுகளில் அற்பமான சரண் மதிப்புக்குப் பாலிசியை இயக்குநருக்கே உரிமை மாற்றம் செய்துவிடும். அவர் அதைத் தொடர்ந்து, முதிர்வுத்தொகையை வரியின்றிப் பெறுவார். இழப்பைக் காக்க வந்த கருவி நிறுவனப் பணத்தை வரியில்லாமல் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் வாய்க்காலாயிற்று.

1996-ஆம் ஆண்டின் இரண்டாம் நிதிச்சட்டம் இதில் கைவைத்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(10டி) பிரிவு ஆயுள் காப்பீட்டுத் தொகைக்குத் தரும் விலக்கிலிருந்து முதன்மையாளர் பாலிசி நீக்கப்பட்டது. அதற்கு ஒரு வரையறையும் தரப்பட்டது. பணியாளர் மட்டுமன்றித் தொழிலோடு எவ்வகையிலேனும் தொடர்புடைய எவருடைய உயிர்மீதும் இப்பாலிசி எடுக்கலாம் என்னும் அளவுக்கு அவ்வரையறை அகன்றது. நிறுவனம் பெறும் தொகை 28(6) பிரிவின்படி தொழில் வருமானமாயிற்று. 1998 பிப்ரவரியில் மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட 762-ஆம் எண் சுற்றறிக்கை, பிரீமியத்தைத் தொழிற்செலவாகக் கழித்துக்கொள்ளலாம் எனத் தெளிவாக்கியது. கூட்டாண்மை நிறுவனம் தன் பங்காளியின் உயிர்மீது கட்டிய பிரீமியமும் கழிக்கத்தக்கதே என்று 2010-இல் பி.என். எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் கூறியது. சிறுநகர வணிகத்துக்குப் பயன்படும் தீர்ப்பு இது.

ஒழுங்குமுறை ஆணையம் 2005-இல் முதன்மையாளர் காப்பீட்டைத் தூய இடர்க்காப்பான டேர்ம் பாலிசிக்குள் அடக்க முற்பட்டது. ஆயினும் பழைய பாலிசிகளைக் குறித்த வழக்குகள் ஓயவில்லை. உரிமை மாற்றத்துக்குப் பின் பாலிசி முதன்மையாளர் தன்மையை இழக்கிறது என்று ராஜன் நந்தா வழக்கில் 2012-இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே 2013 நிதிச்சட்டம், எவருக்கு உரிமை மாற்றப்படினும் அது முதன்மையாளர் பாலிசியே என்று வரையறையை நீட்டி அவ்வழியை அடைத்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை இப்போது 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இங்குக் காட்டிய பிரிவு எண்கள் பழைய சட்டத்தின்படியானவை.

பெரிய நிறுவனங்களின் தந்திரத்தை அடைக்கப் போட்ட வேலி சிறியவர்மீதும் விழுந்தது. மேற்கண்ட கற்பனை மண்டியில் பங்காளி இறந்து ரூ. 30 இலட்சம் வருகிறது எனக் கொள்வோம். கூட்டாண்மை நிறுவனத்துக்கு வரி 30 விழுக்காடு, அதன்மேல் 4 விழுக்காடு மேல்வரி, ஆக 31.2 விழுக்காடு. ரூ. 9.36 இலட்சம் வரியாகப் போய்க் கையில் ரூ. 20.64 இலட்சமே நிற்கும். அந்த ஆண்டு தொழில் நட்டம் கண்டிருந்தால் நட்டத்தை இத்தொகையோடு கழித்துக்கொள்ளலாம் என்பது சிறு ஆறுதல். ஆனால் பெரும்பாலும் இழப்பு அடுத்த பருவத்திலேயே தெரியவரும். பணம் வந்த ஆண்டு வேறாகவும் நட்டம் வந்த ஆண்டு வேறாகவும் அமைந்தால் அந்த ஆறுதலும் இல்லை.

பங்காளி இறந்த நாளில்

வரியைவிடக் கவலைக்குரியது கூட்டாண்மைச் சட்டம். 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் பங்காளி ஒருவரின் இறப்பால் கூட்டாண்மை கலைகிறது. எந்த நிகழ்வுக்காகப் பாலிசி எடுக்கப்பட்டதோ அதே நிகழ்வு, பாலிசியின் உரிமையாளரான நிறுவனத்தையும் முடித்துவிடுகிறது. தொழிலைத் தொடரவேண்டி எடுத்த பணம், தொழிலைக் கலைத்துப் பங்கிடும் கணக்கில் ஓர் இனமாகச் சேர்ந்துவிடும். அதில் இறந்தவரின் வாரிசுகளுக்கும் பங்குண்டு.

இறப்பால் கூட்டாண்மை கலையாது என்னும் ஒருவரி கூட்டாண்மை ஆவணத்தில் இருந்தால் இந்நிலை தவிர்க்கப்படும். ஆனால் அண்ணன் தம்பி இருவர் மட்டுமே பங்காளிகள் எனில் அந்த வரியும் உதவாது. ஒருவர் தனித்து நின்று கூட்டாண்மை நடத்த இயலாது என்பதைச் சேட் கோவிந்தராம் சர்க்கரை ஆலை வழக்கில் 1965-இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. இருவர் கூட்டாண்மைகள் முதன்மையாளர் பாலிசி எடுக்குமுன் மூன்றாமவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதே அறிவுடைமை. மேலும், கணக்குத் தீர்க்காமல் தொழிலைத் தொடர்ந்தால் இறந்தவரின் வாரிசுகள் இலாபத்தில் பங்கோ, அவரது பங்குத்தொகைக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியோ கோரலாம் என 37-ஆம் பிரிவு கூறுகிறது. இழப்பீட்டுத் தொகை முழுதும் தொழிலுக்கா, வாரிசுகளின் பங்கைத் தீர்க்கவா என்பதை ஆவணத்தில் முன்கூட்டியே எழுதி வைக்காத குடும்பங்களில் துக்கவீடே வழக்குமன்றமாகிறது.

எட்டாத இடம்: தனியாள் வணிகம்

குன்னத்தின் பெரும்பான்மை மண்டிகளும் கடைகளும் கூட்டாண்மைகளும் அல்ல. உரிமையாளர் ஒருவர். அவர் பெயரில் வங்கிக் கணக்கு, அவர் பெயரில் உரிமம். சட்டத்தின் பார்வையில் அவரும் வணிகமும் ஒன்றே. ஒருவர் தமக்குத்தாமே முதன்மையாளராக இருக்க முடியாது. பாலிசி எடுக்கத் தனியான ஒரு நிறுவனம் அங்கில்லை. அவரிடம் வேலை பார்க்கும் கணக்கப்பிள்ளையின் உயிர்மீதோ, பருத்தி அரவை எந்திரத்தின் ஒலியைக் கேட்டே பழுதறியும் மெக்கானிக்கின் உயிர்மீதோ அவர் பாலிசி எடுக்கலாம். தம் உயிர்மீது முடியாது.

2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் அறிமுகப்படுத்திய ஒருநபர் நிறுவனமாக வணிகத்தை மாற்றினால் சட்டக் கோடு கிடைத்துவிடும். உரிமையாளர் இறந்தால் முன்பே குறிக்கப்பட்ட நியமனதாரர் உறுப்பினராவார். வணிகம் சாகாது. ஆனால் முதன்மையாளர் காப்பீடு அப்போதும் கிட்டாது. எல்.ஐ.சி. பின்பற்றும் நடைமுறையில் முதன்மையாளர் தனியாக 51 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருத்தல் கூடாது. குடும்பத்தாரோடு சேர்த்தும் 70 விழுக்காட்டுக்குள் இருத்தல் வேண்டும். உரிமையாளரே முதன்மையாளரெனில் இழப்பீடு மறைமுகமாக அவர் குடும்பத்துக்கே போய்ச்சேரும் என்னும் ஐயமே இவ்விதியின் காரணம். ஐயம் நியாயமானதே. விளைவு மட்டும் முரணானது. ஒருவரைச் சார்ந்திருத்தல் கூடக்கூடக் காப்பீட்டுத் தகுதி குறைகிறது.

தனியாள் வணிகருக்கு முகவர்கள் பரிந்துரைப்பது வேறொரு பாலிசி. 1874-ஆம் ஆண்டு மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, ஆண் தன் மனைவி மக்கள் நலனுக்கென எடுக்கும் பாலிசி அவர்களுக்கான அறக்கட்டளையாகக் கருதப்படும். கடன்காரர் அதைத் தொட இயலாது. இச்சட்டம் இந்துக்களுக்கும் பொருந்தும் எனப் பாலாம்பாள் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற முழு ஆயம் முதலில் கூறிற்று. 1923-இல் சட்டம் திருத்தப்பட்டபோது, ஏனைய பகுதிகளுக்கு 1923 ஏப்ரல் முதலும், சென்னை மாகாணத்துக்கு மட்டும் 1913 திசம்பர் 31-க்குப் பின் எடுக்கப்பட்ட பாலிசிகள் முதலும் என இருவேறு நாள்கள் குறிக்கப்பட்டன. சென்னைத் தீர்ப்பின் தடம் இன்றும் அப்பிரிவில் உள்ளது.

இப்பாலிசி குடும்பத்தைக் காக்கிறது, ஐயமில்லை. ஆனால் அது முதன்மையாளர் காப்பீட்டுக்கு நேரெதிரானது. பணம் வணிகத்துக்கு வராது. அறுவடைக்குப் பின் மூட்டைகளை மண்டியில் இறக்கிவிட்டு, ஒரு துண்டுச்சீட்டை மட்டும் மடியில் முடிந்து செல்லும் உழவர் இங்கே கடனீந்தோர். அவரிடம் ஈடு எதுவும் இல்லை. மண்டிக்காரர் இறந்தால் அவரது எஞ்சிய சொத்தின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பு. தந்தையின் கடனை மகன் தீர்ப்பது சமயக்கடமை என்ற இந்துச் சட்டக் கோட்பாட்டின் பேரில் வழக்குத் தொடுக்கும் வழியையும் 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அதன்பின் ஏற்பட்ட கடன்களுக்கு அடைத்துவிட்டது. காப்பீட்டுத் தொகையோ அறக்கட்டளைப் பாதுகாப்பில் இருக்கும். வங்கிக்கு ஈடு உண்டு, குடும்பத்துக்குப் பாலிசி உண்டு. மூட்டை இறக்கியவரிடம் துண்டுச்சீட்டு மட்டுமே உண்டு.

மகன் அப்பன் கடனைத் தலைமேற்கொண்டு தீர்ப்பது இப்பகுதியில் இன்றும் மானத்தின் அளவுகோல்தான். எனினும் எவருக்கு எவ்வளவு என்பது இறந்தவரின் நினைவிலேயே இருந்திருந்தால் தீர்க்க விரும்பும் மகனாலும் தீர்க்க முடிவதில்லை. ஒரு பருவத்துக்கு வாங்கும் சரக்கின் பெயர், எடை, விலை, கொடுத்த முன்பணம், நிலுவை ஆகியவற்றை நாள்தோறும் பேரேட்டில் ஏற்றி, அதைப் படிக்கத் தெரிந்த இன்னொருவரை மண்டியில் வைத்திருப்பதற்கு எந்த நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டியதில்லை. நகரத்தார் அவரை அடுத்தாள் என்றனர். குன்னத்தில் அவர் வணிகரின் மனைவியாகவோ மகளாகவோ இருக்கலாம். பல மண்டிகளில் மாலையில் கணக்கைக் கூட்டுபவர் ஏற்கெனவே அவர்தான். சம்பளச் சீட்டில் மட்டும் அவர் பெயர் இல்லை.